ஒலக்கூர்ப் பக்கம் விண்கல் விழுந்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1886 ஜனவரி 27 அன்று, பழைய தென்னாற்காடு மாவட்டத்து நம்மியந்தலில் ஒரு விண்கல் விழுந்தது. ஒலக்கூரும் திண்டிவனமும் அன்று அதே மாவட்டம்தான். நாளை நம் கரம்பிலோ ஏரிக்கரையிலோ ஒன்று விழலாம். அப்படிப்பட்ட கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த மோதல்களின் சூட்டுத் தடம் இருக்கும். அதை அழிக்காமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

• விழுந்த நாள், நேரம், வந்த திசை, சத்தம் எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள். எடுப்பதற்கு முன் கிடந்த இடத்தோடு சேர்த்துப் படம் பிடியுங்கள்.

• மேல்தோலைப் பாருங்கள். புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் மெல்லிய கருந்தோல் இருக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு கிரானைட்டுக்கு அந்தத் தோல் கிடையாது, உள்ளும் புறமும் ஒரே கருப்பு. குமிழ் குமிழாக ஓட்டை இருந்தால் அநேகமாக இரும்புக் கசடு.

• கல் தானாகவே உடைந்திருந்தால், உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை போன்ற கருங்கோடுகள் தெரிந்தால், அவை விண்வெளி மோதலில் அந்த இடம் மட்டும் உருகி உறைந்த தடமாக இருக்கலாம்.

• அந்தச் சூடு எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிறுகோள் பட்டையில் கற்கள் மோதும் வேகம் சராசரியாக நொடிக்கு 5 கிலோமீட்டர். மோதிய கணத்தில் அதிர்ச்சி அலை பாறையை நசுக்குகிறது. அழுத்தம் விலகியதும் பாறை விரிகிறது. ஆனால் நசுக்கச் செலவான ஆற்றல் முழுதும் திரும்புவதில்லை. மிச்சம் சூடாக உள்ளேயே தங்கிவிடுகிறது. நுண்துளை நிறைந்த பாறையில் துளைகள் நசுங்குவதால் சூடு இன்னும் அதிகம். சம்மட்டி அடி வாங்கி வாங்கி உளியின் கொண்டை சுடுமே, அதுபோல நொறுங்கிய பாறை உருக்குலைவதும் உராய்வதும்கூடச் சூட்டைக் கூட்டுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் குரோசாவாவும் கெண்டாவும் 2018இல் இதைக் கணக்கிட்டபோது, முன்பு நினைத்ததைவிடக் குறைந்த வேக மோதலே பாறையை நன்றாகச் சூடேற்றும் என்று தெரிந்தது.

• கொடைக்கானல் விண்கல்லைப் பற்றியும் சொல்லுங்கள். 1898இல் கண்டெடுத்த இரும்புக் கல் அது. நடுநடுவே சிலிக்கேட் பாறைத் துணுக்குகள். ஆய்வாளர்கள் பர்னெட்டும் வாசர்பர்க்கும் 1967இல் அத்துணுக்குகளின் வயதை ஏறத்தாழ 380 கோடி ஆண்டுகள் என்று கண்டார்கள். சூரியக் குடும்பத்தின் வயதோ சுமார் 456 கோடி. இடையில் நடந்த பெருமோதல் ஒன்று இரும்பையும் பாறையையும் உருக்கிக் கலந்து, பாறைக்குள் ஓடிய கதிரியக்கக் கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடவைத்திருக்கலாம். தமிழ் மண்ணில் கிடைத்த கற்களில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

செய்யக்கூடாதவை

• காந்தத்தை ஒட்டவைத்துச் சோதிக்காதீர்கள். பலரும் முதலில் செய்வது இதைத்தான். கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் அதனால் அழிந்துபோகும்.

• கருந்தோலை மோதல் சூட்டின் அடையாளம் என்று எண்ணாதீர்கள். கல்லின் முன்னே அமுங்கிக் கொதித்த காற்று கடைசிச் சில நொடிகளில் தீய்த்த தோல் அது. கல்லின் ஆழத்துக்கு அந்தச் சூடு போவதே இல்லை.

• எல்லாச் சூட்டையும் மோதலின் கணக்கில் எழுதாதீர்கள். நம்மியந்தல் கல் எச்5 வகை. அந்த 5, தான் உடைந்து வந்த தாய்க்கோளுக்குள் அது நெடுங்காலம் வெந்ததைக் காட்டுகிறது. அதற்கு முக்கியக் காரணம் அலுமினியம்-26 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு என்பதே பெரும்பாலோர் கருத்து.

• கழுவாதீர்கள், அரம் போடாதீர்கள், எண்ணெயோ மஞ்சளோ பூசாதீர்கள். கும்பிட நினைப்பவர்கள் தொடாமலே கும்பிடலாம்.

• வெடிச்சத்தம் கேட்டதுமே விண்கல் என்று பரப்பாதீர்கள். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒருவர் இறந்த வெடிப்பை முதலில் அப்படித்தான் சொன்னார்கள். படங்களைப் பார்த்த நாசா வல்லுநர்களோ தரையில் நடந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றார்கள்.

• உடைத்துப் பங்கு போடாதீர்கள், விற்காதீர்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, கிராம நிர்வாக அலுவலரிடமோ திண்டிவனம் வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். கல்லை முழுசாக ஒப்படையுங்கள்.