ஓட்டல் வேலையா? விசாரித்து அனுப்புவோம்!



"பொம்பளப் புள்ளைய ஓட்டல் வேலைக்கா அனுப்புறது?" குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பயம் நியாயமானதுதான். ஆனால் பயந்து மறுப்பதைவிட, விசாரித்து முடிவெடுப்பது நல்லது.

தங்கும் விடுதிகளில் வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறுதல் என நான்கு முக்கியப் பிரிவுகள் உண்டு. ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம் போன்ற சுற்றுலா ஊர்களில் இந்த வேலைகளுக்கு ஆள் தேவை. பயிற்சி பெற்றவர்களுக்கு மதிப்பு அதிகம்.

பயிற்சிக்குக் கடன் வாங்க வேண்டாம். 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் கட்டணம் இல்லை. நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளும் சேரலாம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் விசாரியுங்கள்.

வேலைக்கு அனுப்பும் முன் கேளுங்கள்:

1. சாப்பாடு, தங்குமிடத்துக்குப் பிடித்தது போக கைக்கு எவ்வளவு வரும்? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா?

2. வருஷம் முழுக்க வேலையா, சீசனுக்கு மட்டுமா?

3. இரவுப் பணி உண்டா? வண்டி வசதி இருக்கிறதா? பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளர் யார்?

4. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்குழு இருக்கிறதா? 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். குழுத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்; நகல் போதும்.

பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு நம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். தெளிவாகச் சொல்லும் இடமென்றால், நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தைரியமாக அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுவீர்களா?