காலமறிந்து படம்பிடித்தல்

வன்னிநிலத்து வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைகளையும் படம்பிடிக்க விழையும் மாணவன், கமராவை அறியுமுன் காலத்தை அறிதல் வேண்டும்.

மாரிமழை பெய்து புதர்கள் தழைக்கும்போது வண்ணத்துப்பூச்சிகள் பெருகும். அவற்றுள் கருஞ்சிறகிற் செம்புள்ளி தாங்கிய இரண்டு நம்மை மயக்குவன. ஒன்று, புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளையை உண்டு அதன் நஞ்சை உடலிற் சேர்ப்பது. ஆதலின் பறவைகள் அதனை விலக்கும். மற்றொன்று, நம் வளவிலுள்ள எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்வது. நஞ்சற்ற இதன் பெண்பூச்சிகளுட் சில, முன்னதன் கோலம் பூண்டு உயிர்பிழைக்கின்றன. உடல் சிவந்திருப்பின் முன்னது; கறுத்திருப்பின் பின்னது. ஆகவே, சிறகை மட்டும் படம்பிடித்தல் போதாது. உடலும் தெரிதல் வேண்டும்.

இரவிலே விளக்கின்முன் வெள்ளைத் துணியொன்றைக் கட்டினால் விட்டில்கள் வந்தமரும். அவற்றையும் அமைதியாகப் படம்பிடிக்கலாம்.

ஐப்பசியளவில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி, சித்திரையளவில் மீண்டுவிடும். கோடையில் அதனைத் தேடுதல் வீண். அக்காலத்தில் வற்றுகின்ற குளங்களை நாடுக; எஞ்சிய நீரிலே கொக்கும் நாரையும் கூடிநிற்கும். 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளமும் மாரியில் நீர்ப்பறவைகளுக்குப் புகலிடமாகும்.

ஒவ்வொரு படத்தின் பின்னும் நாள், ஊர், செடி, அவ்வூர் முதியோர் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதுக. 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் நம்மவர் பலருடைய படங்களும் ஏடுகளும் அழிந்தன. நேற்றைய காட்டை இன்றைய காட்டோடு ஒப்பிடச் சான்று தேடுவோர் அவ்விழப்பை உணர்வர். ஆதலின் ஒரு படியை வீட்டிலும், மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைப்பீராக.