வருமுன் காத்தபின் மனநலம்

மூன்று மீன்களின் கதையை நாம் யாவரும் இளமையிற் கேட்டிருக்கின்றோம். வலைஞர் வருவர் என்று உணர்ந்த அளவிலே, வருமுன் காப்போன் என்னும் மீன் தன் குளத்தை விட்டு வேறு நீர்நிலை சேர்ந்து உயிர் பிழைத்தது. கதை அதன் அறிவைப் புகழ்ந்து அம்மட்டில் நின்றுவிடுகின்றது. பிறந்து வளர்ந்த குளத்தை அம்மீன் பின்னர் நினைந்து வருந்திற்றா என்பதைக் கூறவில்லை. மரபுவழி வரும் புற்றுநோய்க்கு அஞ்சி, நோய் தோன்றுமுன்னரே அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மகளிரைக் குறித்து அக்கேள்வியை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் நோயின் வரலாறு அறியத்தக்கது. 1866-ஆம் ஆண்டிலே பால் புரோக்கா என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம் மனைவியார் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வந்தமையை எழுதிவைத்தார். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1990-இல் மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க அம்மையார் அக்காரணம் 17-ஆம் குரோமோசோமில் உள்ளதெனக் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் அம்மரபணு 1994-இலும், பி.ஆர்.சி.ஏ. 2 என்பது 1995-இலும் பிரித்தறியப்பட்டன. உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. பழுதுற்றவிடத்து அதனைச் செப்பனிடுதல் இவற்றின் தொழில். இவற்றுள் ஒன்று குறைபடின் அத்தொழில் தளர்ந்து புற்றுநோய்க்கு வழி உண்டாகின்றது. இக்குறை தாயிடமிருந்தேயன்றித் தந்தையிடமிருந்தும் வரும். குறையுடையவரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வருதற்கும் வாராமைக்கும் சமவாய்ப்பு உண்டு. 2017-இல் வெளிவந்த பேராய்வு ஒன்றன்படி, இக்குறையுடைய மகளிர் நூற்றுவருள் ஏறத்தாழ 70 பேர் 80 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் எய்துவர். சூலகப் புற்றுநோயோ முதல் மரபணுவிற் குறையுடையாருள் 44 பேருக்கும், இரண்டாவதிற் குறையுடையாருள் 17 பேருக்கும் வரும்.

நோயற்ற மார்பகங்களை அகற்றின், அந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 90 பங்களவு குறைகின்றது. சூலகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம்பத்தக்க சோதனை இல்லாமையால், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 வயது முதல் 45 வயதிற்குள், மரபணுவின் வகைக்கேற்பச் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றுமாறு மருத்துவர் அறிவுறுத்துவர். ஏஞ்சலினா ஜோலி என்னும் திரைப்பட நடிகை, தம் தாயார் 56-ஆம் வயதில் இறந்தமையையும், தாம் மார்பகங்களை அகற்றிக்கொண்டமையையும் 2013-இல் வெளிப்படையாக எழுதியபின், இச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

நிற்க. உடல் காக்கப்பட்டது, உள்ளம் யாதாயிற்று? அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தார், குடும்பத்தில் இந்நோய் இருந்தமை கண்டு 1960 முதல் 1993 வரை இச்சிகிச்சை செய்துகொண்ட மகளிருள் 572 பேரிடம் வினாவிக் கிடைத்த விடைகளை 2000-இல் வெளியிட்டனர். சிகிச்சை முடிந்து சராசரி 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நூற்றுக்கு 74 பேர் நோய்பற்றிய கவலை குறைந்தது என்றனர். 70 பேர் மனநிறைவு உடையோம் என்றனர். 19 பேர் நிறைவில்லை என்றனர். தம் உடல் தோற்றத்தில் இருந்த நிறைவு குறைந்தது என்றவர் 36 பேர். பெண்மையுணர்வு குன்றியது என்றவர் 25 பேர். இல்லற உறவு பாதிக்கப்பட்டது என்றவர் 23 பேர்.

இவ்வெண்களை உற்று நோக்குக. அச்சம் நீங்கியவர்களுள்ளும் இழப்பை உணர்ந்தவர் இருந்தனர் என்பது இவற்றால் விளங்கும். கடன் தீர்க்க முன்னோர் நிலத்தை விற்றவன் கடன் தீர்ந்தமைக்கு மகிழ்கின்றான். அந்நிலத்தின் வழியே நடக்குங்கால் வருந்தவும் செய்கின்றான். இரண்டும் மெய்யே; ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆயினும் சுற்றத்தார், "நோயே வரவில்லையே, இனி அழுவானேன்?" என்பர். நோயாளி சிகிச்சையால் நலமடைகின்றாள்; இவளோ நலத்தோடு சென்று வலியோடு மீண்டவள். அவ்வுரையைக் கேட்டபின் தன் துயரை நன்றிகேடென்றெண்ணி ஒளிக்கத் தலைப்படுகின்றாள். ஒளித்த துயர் தனிமையில் வளர்கின்றது.

இத்துயருக்குக் காரணங்கள் பல. மார்பகத்தை மீள அமைப்பினும் தோலின் உணர்ச்சி பெரும்பாலும் முன்போல் திரும்புவதில்லை. சூலகங்களை அகற்றியபின் மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதால் உடல் வெப்பம், உறக்கமின்மை, மனச்சோர்வு முதலியன தோன்றும். இவை ஹார்மோன் குறைவால் வருவன. மனவலிமையின்மையால் வந்தன எனக் கொள்ளற்க. மார்பகப் புற்றுநோய் வந்திராதவர்க்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் 50 வயதளவும் ஹார்மோன் மருந்தளிப்பது பற்றி மருத்துவர் ஆராய்ந்து கூறுவர். இனி, மகளுக்கு இக்குறையைத் தந்தேனே என்று தாய் வருந்துவாள். தனக்கு மட்டும் இல்லையே என்று உடன்பிறந்தவள் கூசுவாள். ஒருவரும் விரும்பித் தந்ததன்று இக்குறை என்பதை இல்லத்தார் வாய்விட்டுச் சொல்லுதல் நன்று.

தீர்வு சிகிச்சைக்கு முன்னரே தொடங்குகின்றது. பெறுவதை மட்டுமின்றி இழப்பதையும் மருத்துவரிடமும் மரபணு ஆலோசகரிடமும் கேட்டறிதல் வேண்டும். மணமானவள் கணவனையும் உடன்கொண்டு கேட்டல் நலம். மார்பகத்தைப் பொறுத்தவரை, அறுவைக்கு உடன்படாது ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. முதலிய சோதனைகள் செய்துகொள்வதும் ஒரு வழியே. அதனைத் தேர்ந்தவளைக் கோழை என்றல் தகாது. இவ்வழியில் முன்சென்ற மகளிரோடு உரையாடுதல் பெருந்துணை. அமெரிக்காவில் 1999-இல் தோன்றிய ஃபோர்ஸ் என்னும் சங்கம் இதற்கென்றே உழைத்து வந்துளது. சோர்வும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடிப்பின், மனநல மருத்துவரை நாடுதல் இழுக்கன்று.

இதனைப் படிப்போருள் சிலர் மருத்துவராவீர், சிலர் செவிலியராவீர், ஏனையோர் ஒருத்திக்குத் தமையனாகவோ கணவனாகவோ தோழியாகவோ இருப்பீர். பிழைத்து வந்தவளைப் பார்த்து, "தப்பினாயே, அது போதும்" என்று கூறி வாயடைத்தல் எளிது. "அந்தக் குளத்தை நினைக்கின்றாயா?" என்று கேட்டு, விடை வருமளவும் அருகில் இருத்தல் அரிது. அவ்வரியதனைச் செய்வோமாக.