எண்ணாமல் எண்ணுவோம்: மோல் கணக்குக்கு ஒரு வகுப்பறை வழி

பத்தாம் வகுப்பில் ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடத்தை முடித்த மறுவாரம் சிறுதேர்வு ஒன்று வைத்தேன். முதல் வினா: 36 கிராம் நீரில் எத்தனை மோல் உள்ளது? அநேகமாக எல்லோரும் 36-ஐ 18-ஆல் வகுத்து ‘2 மோல்’ என்று சரியாக எழுதியிருந்தனர். இரண்டாம் வினா: 4 கிராம் ஹைட்ரஜன் முழுவதும் எரிந்து நீராக மாற எவ்வளவு ஆக்சிஜன் தேவை? வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் எழுதிய விடை ‘2 கிராம்’. சரியான விடை 32 கிராம்.

நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியை அழைத்துக் கேட்டேன். “சமன்பாட்டுல ரெண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன்னுதானே சார் சொன்னீங்க? அப்ப நாலுக்கு ரெண்டுதானே?” என்றாள்.

உண்மைதான். ‘இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்’ என்றுதான் நான் வாசித்திருந்தேன். இரண்டு என்றால் எது இரண்டு? மூலக்கூறா, கிராமா? நான் சொல்லவில்லை, அவர்கள் கிராம் என்று எடுத்துக்கொண்டார்கள். வாய்ப்பாடு தெரிந்ததால் முதல் கணக்கு வந்தது. மோல் என்பது ஓர் எண்ணிக்கை என்பது மனத்தில் பதியாததால் இரண்டாம் கணக்கு வரவில்லை. பாடத்தைத் திரும்பத் தொடங்க முடிவு செய்தேன்.

கடலையும் பயறும்

மறுநாள் கொஞ்சம் கொண்டைக்கடலை, கொஞ்சம் பச்சைப்பயறு, ஒரு மின்னணுத் தராசு ஆகியவற்றுடன் வகுப்புக்குச் சென்றேன். குழுக்களாகப் பிரிந்து இரண்டிலும் நூறு நூறாக எண்ணி எடை போட்டார்கள். 100 கடலை ஏறத்தாழ 20 கிராம். 100 பயறு ஏறத்தாழ 4 கிராம். அதாவது, ஒரு கடலையின் நிறை ஒரு பயற்றின் நிறையைப்போல 5 மடங்கு.

“20 கிலோ கடலையும் 4 கிலோ பயறும் வைத்திருக்கிறேன். எது எண்ணிக்கையில் அதிகம்?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார்கள். அந்த மூட்டைகளை யாரும் எண்ணவில்லை. நிறை 5-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் எண்ணிக்கை சமமாகத்தான் இருக்கும்.

இதே வாதத்தை அணுவுக்குக் கொண்டுபோனேன். கார்பனின் அணு நிறை 12. மெக்னீசியத்தின் அணு நிறை 24. ஆகவே 12 கிராம் கார்பனிலும் 24 கிராம் மெக்னீசியத்திலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கைக்கு வைத்த பெயர்தான் மோல்.

ஒரு மாணவன், “கடலை எல்லாம் ஒரே எடை இல்லையே சார்?” என்றான். அதனால்தான் நூறை எடை போட்டுச் சராசரி எடுத்தோம் என்றேன். குளோரினின் அணு நிறை 35.5 என்று வருவதும் இப்படித்தான். அதன் ஐசோடோப்புகளின் நிறை வேறு வேறு. பாடநூலில் இருப்பது சராசரி.

யார் எண்ணினார்கள்?

ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் என்றதும் இந்தக் கேள்வி தவறாமல் வரும். சமவெப்ப, சம அழுத்த நிலையில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ கூறியது 1811-இல். அந்த எண்ணை அவர் கணக்கிடவில்லை. பின்னாளில் பலர் பல சோதனைகள் வழியாக அதை அணுகினார்கள். 1909-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பெரென் அதற்கு அவகாட்ரோவின் பெயரை முன்மொழிந்தார். 2019 மே 20 முதல், ஒரு மோல் என்பது மிகச்சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என வரையறுக்கப்பட்டுள்ளது.

எண்ணின் பருமையை உணர்த்த, மருந்துப் புட்டியின் அளவு மூடியில் 18 மில்லிலிட்டர் நீரை ஊற்றிக் காட்டினேன். அது 18 கிராம், ஒரு மோல். அவ்வளவு மூலக்கூறுகளும் அந்த மூடிக்குள்.

தவறிய கணக்குக்குத் திரும்புதல்

இப்போது புதிய கணக்கு: ஒரு கடலைக்கு இரண்டு பயறு வீதம் சேர்க்க வேண்டும். 20 கிராம் கடலைக்கு எத்தனை கிராம் பயறு? முதலில் சிலர் ‘40’ என்றார்கள். உடனே தராசைப் பார்த்து, “இல்ல சார், 100 கடலைக்கு 200 பயறு, 8 கிராம்” என்று திருத்திக்கொண்டார்கள்.

பிறகு கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன்.

1. கொடுத்துள்ள கிராமில் எத்தனை மோல்?
2. சமன்பாடு சொல்லும் மோல் விகிதம் என்ன?
3. கிடைத்த மோலுக்கு எத்தனை கிராம்?

4 கிராம் ஹைட்ரஜன் என்பது 2 மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகள். அதற்கு 1 மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகள், அதாவது 32 கிராம் தேவை. கிடைப்பது 2 மோல் நீர், 36 கிராம். 4 + 32 = 36. நிறை மாறா விதியே விடையைச் சரிபார்த்துத் தருகிறது.

அடுத்து, நமக்குப் பழக்கமான சுண்ணாம்புக் காளவாய். 250 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? அதன் மோலார் நிறை 100, எனவே 2.5 மோல். விகிதம் 1:1 என்பதால் கால்சியம் ஆக்சைடும் 2.5 மோல், 2.5 × 56 = 140 கிராம். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 2.5 × 44 = 110 கிராம். கூட்டினால் 250.

சக ஆசிரியர்களுக்கு

‘ஒரு மோல் ஆக்சிஜன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அணு என்றால் 16 கிராம். மூலக்கூறு என்றால் 32 கிராம். எதன் மோல் என்பதைச் சேர்த்தே சொல்வோம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் கடலைச் செயல்பாட்டைச் செய்யலாம். நூறை எடை போட்டு ஆயிரத்தைக் கணிக்கப் பழகிய குழந்தைக்கு, பின்னாளில் மோல் அந்நியமாகத் தோன்றாது.

மறுதேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடவில்லை. ஆனால் தவறியவர்களால் எந்தப் படியில் தவறினோம் என்று சொல்ல முடிந்தது. சென்ற வாரம் ஒரு சமன்பாட்டை அவசரமாக ‘இரண்டு மெக்னீசியம், ஒரு ஆக்சிஜன்’ என்று வாசித்துவிட்டேன். அதே மாணவி எழுந்து, “ரெண்டு என்ன சார்?” என்று கேட்டாள்.