குச்சியில் நிற்க முடியாமல் தடுமாறும் கிளிக்கு...

கூண்டுக் கிளி குச்சியில் நிற்க முடியாமல் சாய்கிறது, பிடி நழுவிக் கீழே விழுகிறது, தலையை ஒரு பக்கமாகவே வைத்திருக்கிறது என்றால், 'கால் சுளுக்கியிருக்கும்' என்று மஞ்சள் பற்றுப் போட்டு இரண்டு நாள் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த இரண்டு நாளில் கிளி கைவிட்டுப் போய்விடலாம். பறவைகள் நோயைக் கடைசி வரை வெளியே காட்டாது. தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே உள்ளே வெகுநாளாக ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். காரணமும் பெரும்பாலும் காலில் இருக்காது. ஈரலிலோ நரம்பிலோ எலும்பிலோ இருக்கும். அங்கிருந்து பின்னால் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் தீனிக் கிண்ணத்தில் போய் நிற்கும். நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கரிசல் மண்ணில் லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல், ஆப்பிரிக்கன் கிரே வளர்ப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதல் வேலை, விழுந்து அடிபடாமல் காப்பது. உயரக் குச்சிகளையும் ஊஞ்சலையும் கழற்றிவிடுங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, அடியில் பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு, அதில் கிளியை விடுங்கள். தீனியும் தண்ணீரும் தட்டையான மூடிகளில், அலகுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பூனையும் பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம்.

2. இறகை உப்பிக்கொண்டு ஒடுங்கியிருந்தால் அதற்குக் குளிர்கிறது. பெட்டிக்குள் 30 டிகிரி அளவு சூடு தேவை. ஆனால் சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பல்பு போட்டுச் சூடேற்ற வேண்டியதே இல்லை. அப்போது வருவது எதிர்த் தொல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்திருந்தால் அது வெக்கை தாக்கிய அறிகுறி. நிழலுக்கு மாற்றி, கால்களை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. தகர ஓட்டுத் தாழ்வாரத்தில் கூண்டைத் தொங்கவிடுகிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

3. வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள். நிலை தடுமாறுகிற கிளிக்குச் சொட்டு மருந்தோ குளுக்கோஸ் தண்ணீரோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மனிதர் சாப்பிடும் காய்ச்சல், வலி மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

4. தீனியைப் பாருங்கள். சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் மட்டுமே தின்கிற கிளி நிறைய உண்டு. கிண்ணத்தில் எது போட்டாலும் சூரியகாந்தியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளிவிடும். நாமும் 'அதுதான் பிடிக்கிறது' என்று அதையே போடுவோம். சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். சுண்ணாம்புச் சத்து குறைவு, வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். பறந்து திரியாத கிளிக்கு இந்த எண்ணெய் ஈரலில் போய்ப் படியும். ஈரல் கெட்டால் இரத்தத்தில் சேரும் கழிவு மூளையைத் தாக்கும். அப்போதுதான் நடை தள்ளாடும். அலகு அளவுக்கு மீறி வளர்ந்து, இறகு பளபளப்பு இழந்திருந்தால் ஈரலைச் சந்தேகப்படுங்கள்.

5. நல்ல தீனிக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. கம்பு, சோளம், குதிரைவாலி, தினை எல்லாம் நம் மண்ணின் தானியங்கள். இவற்றைக் கலந்து வையுங்கள். கம்பையும் பாசிப்பயறையும் முளைகட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் தானியமே முழுச் சாப்பாடு ஆகாது. தினமும் கீரை, காய் வேண்டும். முருங்கைக்கீரைக் கொத்து ஒன்றைக் கூண்டில் செருகி வைத்தால் அதுவே இலை இலையாக உருவித் தின்னும். பரங்கிக்காய், கேரட், பப்பாளி மூன்றும் வைட்டமின் ஏ குறையைத் தீர்க்கும். பழுத்த மிளகாயும் அப்படியே. பறவைகளுக்கு மிளகாயின் உறைப்பு தெரியாது. நம் காட்டுச் சிவப்புப் பழத்தை விதையோடு மென்று தின்னும். பாலக்கீரையை மட்டும் அளவாகக் கொடுங்கள். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழகாத தீனியைத் தொடாமலே கிளி பட்டினி கிடக்கும். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாரக்கணக்கில் மாற்றுங்கள். நோயில் கிடக்கும் நாட்களில் மாற்றவே வேண்டாம். அப்போது எதைத் தின்கிறதோ அதுவே போதும்.

6. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். வேம்பார், தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைக்கும். கடல்நுரை என்று நாட்டு மருந்துக் கடையிலும் விற்பார்கள். கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, பொடித்துத் தூவலாம். காலை வெயில் அரை மணி நேரமாவது மேலே படட்டும். வெயிலில்லாமல் வைட்டமின் டி ஊறாது, அது இல்லாமல் தின்ற சுண்ணாம்பு எலும்புக்குப் போய்ச் சேராது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. கூண்டின் ஒரு பாதி எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, நடுங்கி, வலிப்பு வந்து விழுவது அந்த இனத்தில் சாதாரணமாகப் பார்க்கிற நோய்.

7. சேவு, மிக்சர், ஊறுகாய், அப்பளம் வேண்டவே வேண்டாம். 40 கிராம்கூட எடையில்லாத லவ் பேர்ட்ஸுக்கு ஒரு துண்டு காரச்சேவின் உப்பு மிக அதிகம். உப்பு ஏறினால் முதலில் தாகம், பிறகு நரம்புத் தள்ளாட்டம். டீ, காபி, சாக்லேட், அவகாடோ இவை கிளிக்கு விஷம். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடுகளில், நீங்கள் குடிக்கிற தண்ணீரையே கிளிக்கும் வையுங்கள்.

8. நிலக்கடலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றிரண்டு மட்டும், பூசணம் இல்லாததாகப் பார்த்துக் கொடுங்கள். பூசணம் பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்ற ஈரல் விஷம் இருக்கும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது. கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊர்ப்பக்கம் நாம். நல்ல பருப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு மிஞ்சுகிற சொத்தைக் கடலையைக் கிளிக்குப் போடாதீர்கள்.

9. இது நம் பகுதிக்கே உரிய ஆபத்து. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற பூச்சிமருந்துகளில் புரோபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. மனிதர்கள் அளவுக்குக்கூடப் பறவைகள் இவற்றைத் தாங்காது. மருந்தடித்த காட்டிலிருந்து கதிரோ கீரையோ மிளகாய்ப்பழமோ ஒடித்து வந்து கூண்டில் போட்டால், சிறிது நேரத்தில் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், கால் மடங்கும். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். நேரத்தோடு போனால் முறிவுக்கு அட்ரோபின் ஊசி உண்டு. காட்டில் மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றாமல் கிளியைத் தோளில் ஏற்றக் கூடாது. கடைக் கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். வீட்டில் தீப்பெட்டி வேலை நடந்தால், மருந்து முக்கிய குச்சி அலகுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

10. புது ஜி.ஐ. வலைக் கூண்டில் துத்தநாகப் பூச்சு துளித்துளியாக ஒட்டியிருக்கும். கிளி அதைக் கொறித்து விழுங்கும். பழைய பெயிண்ட், சால்டரிங் ஈயம், தூண்டில் ஈயக்குண்டு இவையும் அப்படித்தான். உலோகம் உள்ளே போனால் வாந்தி, நிறம் மாறிய எச்சம், கால் சோர்வு, வலிப்பு வரும். எக்ஸ்ரேயில் துண்டுகள் தெரியும். ஊசி போட்டுக் குணப்படுத்த முடியும். புதுக் கூண்டை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். குச்சிகள் பிளாஸ்டிக்கில் வேண்டாம். வேம்பு, கொய்யாக் கிளைகளை வேறுவேறு கனத்தில் வெட்டி வையுங்கள்.

11. நோயே இல்லாமலும் தடுமாறலாம். விற்கிறவர்கள் ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்டிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட கிளி தாவும்போது ஒரு பக்கமாகச் சுழன்று விழும். வால் இறகு உதிர்ந்தாலும் பிடி தவறும். புது இறகு முளைக்கும் வரை குச்சியைத் தாழ்வாக வையுங்கள்.

12. பெண் கிளி கூண்டின் அடியில் உட்கார்ந்து முக்கினால், வயிறு புடைத்திருந்தால், முட்டை அடைத்திருக்கலாம். அது ஒரு நாள்கூடப் பொறுக்காது. எண்ணெய் தடவிப் பிதுக்கிப் பார்க்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் கிளி பிழைக்காது.

13. வீட்டில் நாட்டுக்கோழி இருந்து, அதில் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டோ வெள்ளையாகக் கழிந்தோ கிடந்தால், கிளியைத் தனி அறைக்கு மாற்றுங்கள். வெள்ளைக்கழிச்சல் கிளிக்கும் தொற்றும். கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத்துறை முகாம் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். கிளிக் கூண்டைக் கழுவியதும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிமோனியா ஒன்று உண்டு.

14. பனைமரப் பொந்திலிருந்து எடுத்து, பாலும் சோறும் ஊட்டி வளர்த்த பச்சைக்கிளிக் குஞ்சுகள் பல வீடுகளில் நிற்கவே முடியாமல் கால் வளைந்து கிடக்கும். எலும்பு உறுதிப்படும் வயதில் தாய் ஊட்டுகிற தீனிக்கு இது ஈடாகாது. வளைந்து இறுகிய கால் பெரும்பாலும் நிமிராது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது; பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். தயவுசெய்து குஞ்சு வாங்காதீர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் மரம் ஏறுகிறார்கள். அடிபட்ட பச்சைக்கிளி கையில் கிடைத்தால், பயந்து ஒளித்து வைக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

15. கிளியை எங்கே காட்டுவது? முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம், அங்கிருந்து தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. கிளம்பும்முன் கிளி தடுமாறுவதை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் அது நோயை மறைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். சமையலறை எடைமெஷினில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டு அடியில் விரித்த தாளை எச்சத்தோடு மடித்து எடுங்கள். கிளி தின்கிற தீனியில் ஒரு கைப்பிடி, சந்தேகப்படுகிற மருந்து டப்பா, கொறித்த கம்பித் துண்டு எல்லாம் ஒரு பையில் வரட்டும். கிளியால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மருத்துவர் இவற்றிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.