ஜூலையிலும் கம்பளிக் குல்லாய்: யெல்லோஸ்டோன் பயணத்துக்குத் துணி அடுக்கும் முறை

மத்தியானம் அரைக்கைச் சட்டையே அதிகம் என்று தோன்றும். நான்கு மணிக்கு இடி, ஆலங்கட்டி மழை. விடிகாலையில், வெளியே வைத்த வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனிக்கட்டி. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இவை மூன்றும் ஒரே கோடைப் பயணத்தில் நேரக்கூடியவை. 1872-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பெரும்பகுதி 7,500 அடி உயரத்துக்கு மேல் இருக்கிறது. கோடைப் பகலில் 25 டிகிரி செல்சியஸைத் தொடும் வெப்பம், மேட்டுப் பகுதிகளில் இரவில் உறைநிலைக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே பனி பெய்யாத மாதம் என்று எதையும் நம்ப முடியாது. கூடாரத்தில் தங்கப் போகிறவர்கள் பகல் வெயிலை மறந்து, இரவுக் குளிரையும் ஈரத்தையும் கணக்கிட்டே துணி அடுக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, இடம் பதிவு செய்த முகாமின் உயரம். வடக்கு வாசலை ஒட்டிய மாமத் முகாம் சுமார் 6,200 அடி. கேன்யன் முகாம் 7,900 அடி. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். அடிவாரத்து ஊரின் வானிலை அறிக்கையை மட்டும் பார்த்துக் கிளம்புபவர்கள் ராத்திரி நடுங்குவது இதனால்தான்.

அடுத்து, பையிலிருக்கும் பருத்தித் துணிகளைக் குறைக்க வேண்டும். வெயில் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது மனம் ஒப்பாத காரியம். ஆனால் நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம்: கனமானது, நனைந்தால் மறுநாளும் ஈரம். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ நல்லது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும்.

பிறகு அடுக்கடுக்காக உடுத்தும் ஏற்பாடு. உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியன், அதன் மேல் ஃபிளீஸ் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். தடித்த ஒரே கோட்டைவிட இந்த மூன்றும் உதவும். ஏறும்போது வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்றலாம், நின்றதும் மாட்டிக்கொள்ளலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைச் சரிவுகள் காலை முழுக்கச் சூடேறி, மேலெழும் காற்று மேகமாகிப் பிற்பகலில் இடிமழையாக இறங்குவது வழக்கம். அதனால் மழை பேன்ட்டும் ஒன்று இருக்கட்டும். முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் கொசுவுக்கும் சேர்த்தே காப்பு. கம்பளிக் குல்லாய், கையுறை, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ் ஆகியவை கையளவு இடத்தில் அடங்கிவிடும்.

எதை விட்டாலும் விடக்கூடாதது ஒன்று உண்டு: தூங்குவதற்கென்றே தனியாக ஒரு ஜோடி உடை. முழுக்கை பனியன், கணுக்கால் வரை மூடும் உள்பேன்ட், சாக்ஸ். மூன்றையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைக்க வேண்டும். பகலில் என்ன நனைந்தாலும் இந்தப் பையைத் திறக்கக்கூடாது. பகல் முழுக்க வியர்த்த துணியோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்தால், அந்த ஈரமே நள்ளிரவில் எழுப்பிவிடும். குழந்தைகளுக்கு இப்படி இரண்டு ஜோடி வைப்பது நல்லது.

இந்தத் தனி உடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. யெல்லோஸ்டோன் கிரிஸ்லி கரடிகளின் காடு. சமைத்தபோது உடுத்திய துணியில் தாளிப்பு வாசம் தங்கியிருக்கும். அதோடு கூடாரத்தில் படுக்கக்கூடாது. அந்தத் துணிகளைப் பூட்டிய காருக்குள் வைத்துவிட வேண்டும்.

கடைசியாக, பகல் நடைக்கான சின்னப் பை. வாஷ்பர்ன் மலையுச்சி 10,000 அடிக்கு மேல். கார் நிறுத்துமிடத்தில் அடிக்கும் வெயில் உச்சிக் காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஸ்வெட்டர், மழை ஜாக்கெட், குல்லாய் மூன்றையும் காரில் விட்டுவிட்டு ஏறாதீர்கள்.