விளையாட்டும் வெற்றிச் சின்னமும்

நுழையும்முன்

விளையாட்டு, மகிழ்ச்சிக்காக மேற்கொள்ளும் செயல். அம்மகிழ்ச்சியோடு புறத்தேயிருந்து ஒரு பரிசையும் சேர்த்தால் மகிழ்ச்சி பெருகுமா, குறையுமா? காணொலி விளையாட்டுகளில் வழங்கப்படும் சாதனைப் புள்ளிகளையும் கோப்பைகளையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம். இதற்கான விடை நம் கல்விக்கும் பொருந்தும்.

கோப்பை என்பது யாது?

காணொலி விளையாட்டில் ஒருவர் கடினமான கட்டமொன்றைக் கடக்கிறார். திரையின் ஓரத்தில் ஒரு சிறு அறிவிப்பு மின்னி மறைகிறது. அவர் ஒரு கோப்பையை வென்றுவிட்டார் என்கிறது அது. அக்கோப்பை பெரும்பாலும் விளையாட்டுக்குள் எந்தப் பயனையும் தருவதில்லை. அதனால் புதிய கதவு திறப்பதில்லை. வீரனின் வலிமை கூடுவதுமில்லை. விளையாடுபவரின் பெயருக்கு எதிரே ஒரு பதிவாக மட்டும் அது நிலைத்திருக்கும். அப்பதிவை நண்பர்களும் காணலாம்.

பயன் ஏதுமற்ற இச்சின்னத்திற்காகப் பலர் இரவு பகலாக உழைக்கின்றனர். வேறு சிலரோ அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய முதலில் அதன் வரலாற்றை அறிதல் வேண்டும்.

துணியிலிருந்து திரைக்கு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் புதுமையான வழக்கமொன்றைக் கொண்டிருந்தது. குறிப்பிட்ட புள்ளிகளை எட்டியவர், தொலைக்காட்சித் திரையில் தெரியும் எண்ணிக்கையை ஒளிப்படம் எடுத்து அந்நிறுவனத்திற்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அதனைச் சரிபார்த்து, சட்டையில் தைத்துக்கொள்ளத்தக்க பூவேலைத் துணிச்சின்னம் ஒன்றை நிறுவனம் அனுப்பிவைக்கும். 1982இல் வெளியான 'பிட்ஃபால்' விளையாட்டில் 20,000 புள்ளிகள் பெற்றோர்க்கு இச்சின்னம் கிடைத்தது.

2005இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 இவ்வழக்கத்தை மின்னணு வடிவிற்கு மாற்றியது. கடைகளில் விற்கப்பட்ட ஒவ்வொரு விளையாட்டிற்கும் தொடக்கத்தில் 1,000 புள்ளிகள் வகுக்கப்பட்டன. எல்லா விளையாட்டுகளிலும் ஈட்டிய புள்ளிகள் ஒரே கணக்கில் சேர்ந்தன. 2007இல் ஸ்டீம் தளமும், 2008இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியும் இம்முறையை ஏற்றன. சோனி வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனக் கோப்பைகளை நான்காகப் பகுத்தது. ஒரு விளையாட்டின் பிற கோப்பைகளை வென்று முடித்தவர்க்கே பிளாட்டினம் உரியது.

வழிகாட்டும் கோப்பை

கோப்பையை வரவேற்போர் கூறும் முதன்மையான காரணம், விளையாட்டின் அறியப்படாத பக்கங்களை அது காட்டுகிறது என்பதே. வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப் 2: எபிசோட் டூ' இதற்குச் சிறந்த சான்று. அதன் தொடக்கத்தில் தோட்டத்தை அலங்கரிக்கும் குள்ளன் பொம்மை ஒன்று கிடக்கும். அதனை இறுதிவரை சுமந்துசென்று விண்கலத்தில் வைப்பவர்க்கு ஒரு சாதனைச் சின்னம் உண்டு. பகைவர் துரத்தும்போதும் பொம்மையைக் காக்க வேண்டும். ஊர்தி குலுங்கும்போதெல்லாம் அது வெளியே விழுந்துவிடும். இறங்கி மீண்டும் எடுத்துவர வேண்டும். முன்பே ஆடி முடித்த விளையாட்டு, ஒரு பொம்மையால் புதிய விளையாட்டாகிவிடுகிறது. இங்கே கோப்பை, கற்பனையைத் தூண்டும் அழைப்பாக அமைகிறது.

2013இல் வெளியான 'தி ஸ்டான்லி பேரபிள்' நகைச்சுவையோடு ஒரு படி மேலே சென்றது. அவ்விளையாட்டை ஐந்தாண்டுகள் ஆடாமல் இருப்போர்க்கு 'வெளியே செல்' என்னும் சின்னத்தை அது அறிவித்தது. கோப்பையைத் தேடி அலையும் மனநிலையைக் கோப்பையைக் கொண்டே எள்ளிநகையாடிய உத்தி இது.

சுமையாகும் கோப்பை

இதன் மறுபக்கத்தையும் காண்போம். 2006இல் வெளியான 'டெட் ரைசிங்' விளையாட்டில் 53,594 நடைப்பிணங்களை வீழ்த்துவோர்க்கு ஒரு சின்னம் உண்டு. அவ்வெண், கதை நிகழும் கற்பனை நகரின் மக்கள்தொகை. எண்ணுக்குப் பொருள் இருந்தும், அதனை எட்டும் வழி சலிப்பு மிக்கதாயிற்று. நிலத்தடிப் பாதையில் ஊர்தியை மீண்டும் மீண்டும் ஓட்டி எண்ணிக்கையைக் கூட்டுவதே பலரும் கண்ட எளிய வழி. அங்கே கதையும் இல்லை, வியப்பும் இல்லை, எண்ணிக்கை மட்டுமே எஞ்சியது.

இதற்கு நேர்மாறானது 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வெளியான 'அவதார்: தி பர்னிங் எர்த்'. தொடக்கத்திலேயே ஒரே பொத்தானை இடைவிடாது அழுத்தினால் சில நிமிடங்களில் 1,000 புள்ளிகளும் கிடைத்துவிடும். புள்ளிகளுக்காகவே அதனைத் தேடிச்சென்றோரும் உண்டு. புள்ளி, திறமையின் அடையாளமாகத் தோன்றியது; இங்கோ அது திறமையைவிட்டு விலகித் தானே இலக்காகிவிட்டது. அளவுகோலே குறிக்கோளாகும்போது அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

தெரிந்து தெளிவோம்

நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவியில் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான கோப்பை முறை இல்லை. 2017இல் வெளியான அதன் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' விளையாட்டில் 900 விதைகள் ஒளித்துவைக்கப்பட்டுள்ளன. பைகளை முழுமையாக விரிவாக்க அவற்றில் ஏறத்தாழப் பாதியே போதும். அனைத்தையும் திரட்டியவர்க்குக் கிடைப்பது வேடிக்கையான பரிசொன்றே. தேடலே இன்பம், திரட்டி முடித்தல் கட்டாயமன்று என்பதே அதன் குறிப்பு.

வண்ணக்கோல் ஆய்வு

பரிசு மகிழ்ச்சியைக் குறைக்குமா என்னும் வினாவை உளவியலாளர்கள் காணொலி விளையாட்டுகள் பரவும் முன்னரே ஆராய்ந்துள்ளனர். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில், வண்ணக்கோல்களால் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். வரைந்தால் பொன்விண்மீன் ஒட்டிய சான்றிதழ் தரப்படும் என முதற்குழுவிடம் முன்னரே கூறினர். இரண்டாம் குழுவிற்கு முன்னறிவிப்பின்றி அதே சான்றிதழை வழங்கினர். மூன்றாம் குழுவிற்குப் பரிசில்லை.

சில நாள்கள் கழித்து, வண்ணக்கோல்களை வகுப்பறையில் வைத்துவிட்டுக் குழந்தைகளை அவர்கள் விருப்பம்போல் விளையாட விட்டனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த முதற்குழுவினர் வரைவதில் செலவிட்ட நேரம், ஏனைய குழுவினர் செலவிட்டதில் ஏறக்குறைய பாதியே. எதிர்பாராமல் பரிசு பெற்றோரின் ஆர்வமோ குறையவில்லை. விரும்பிச் செய்த செயல், பரிசுக்காகச் செய்த செயலாக மனத்தில் பதிந்துவிட்டால், பரிசு நீங்கியதும் விருப்பமும் தளர்ந்துவிடுகிறது.

இதனைக் கொண்டு எல்லாப் பரிசும் தீது என்று முடிவுகட்டல் ஆகாது. இத்துறையில் அறிஞர்களிடையே நெடிய விவாதம் நிகழ்ந்துள்ளது. பரிசு எல்லா நிலையிலும் ஆர்வத்தைக் குறைப்பதில்லை என வாதிட்டோரும் உளர். மேலும், வண்ணக்கோல் ஆய்வில் இடம்பெற்றோர் முன்பே ஆர்வம் கொண்டவர்கள். ஆர்வமே இல்லாத செயலில் ஒருவரைப் புகுத்தப் பரிசு துணைசெய்யலாம். எனவே, பரிசு எத்தகையது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இருவகைச் செய்தி

எட்வர்டு டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகிய உளவியலாளர்கள் இதற்கு விளக்கம் தருகின்றனர். தன்விருப்பம், திறமையுணர்வு, பிறரோடு கொள்ளும் உறவு ஆகிய மூன்றும் மனிதரின் அடிப்படை உளத்தேவைகள் என்பது அவர்தம் கொள்கை. பரிசு இருவகைச் செய்திகளைத் தரவல்லது. 'நீ வளர்ந்திருக்கிறாய்' என்பது ஒன்று. அது திறமையுணர்வை வளர்க்கிறது. 'இதைச் செய்தால்தான் உண்டு' என்பது மற்றொன்று. அது தன்விருப்பத்தை ஒடுக்குகிறது.

இவ்விளக்கத்தைக் கோப்பைகளோடு பொருத்திப் பார்க்கலாம். குள்ளன் பொம்மையைச் சுமப்பவர் தாமே விரும்பி ஒரு சவாலை ஏற்கிறார். தம் திறமையை அறிகிறார். எண்ணிக்கைக்காக ஊர்தியை ஓட்டிக்கொண்டிருப்பவரோ பட்டியலுக்குப் பணிபுரிகிறார். ஆளுக்கேற்ப விருப்பமும் வேறுபடும். ஆடுவோருள் சாதிக்க விழைவோர், புதியன தேடுவோர், பிறரோடு பழக விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர் என நால்வகையினர் உண்டென ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் பகுத்துக் காட்டினார். சாதிக்க விழைவோர்க்கு இனிக்கும் கோப்பை, தேடுவோர்க்கு இடையூறாகலாம்.

கோப்பையும் மதிப்பெண்ணும்

இவ்வாய்வு விளையாட்டோடு முடிவதன்று. மாணவர்களாகிய நீங்களும் நாள்தோறும் ஒருவகைக் கோப்பையைச் சந்திக்கிறீர்கள், அதுவே மதிப்பெண். கடினமான கணக்கொன்றைத் தீர்த்ததை அறிவிக்கும் மதிப்பெண் ஊக்கம் தருகிறது. அதே மதிப்பெண், 'தேர்வுக்கு வராத பகுதியை ஏன் படிக்க வேண்டும்?' என்று கேட்க வைக்கும்போது கற்றலின் எல்லையைச் சுருக்கிவிடுகிறது. உயர்கல்விக்கும் வேலைக்கும் மதிப்பெண் தேவைப்படுவதால், விளையாட்டுக் கோப்பையைப்போல் அதனைப் புறக்கணித்துவிட முடியாது. எனினும், அதனை அடையாளமாகக் கொள்வதா, இலக்காகக் கொள்வதா என்னும் தேர்வு நம் கையில் உள்ளது.

கோப்பை விளையாட்டை இனிதாக்குமா? விளையாட்டில் முன்பே இருக்கும் இன்பத்தைச் சுட்டிக்காட்டினால் இனிதாக்கும். அவ்வின்பத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டால் அதனை அழிக்கும். இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு: கோப்பையை நீக்கிவிட்டாலும் இதனை நான் ஆடுவேனா? இவ்வினாவை விளையாடும்போது மட்டுமன்றி, படிக்கும்போதும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அறிந்த ஒரு விளையாட்டிற்கு, ஆடுவோரின் கற்பனையைத் தூண்டும் சாதனைச் சின்னம் ஒன்றை உருவாக்கி வகுப்பில் விளக்குக.
2. 'பரிசு ஆர்வத்தை வளர்க்கும்' – 'பரிசு ஆர்வத்தைக் குறைக்கும்' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

சிந்தனை வினாக்கள்

1. எதிர்பார்த்த பரிசும் எதிர்பாராத பரிசும் வேறுபட்ட விளைவுகளைத் தருவது ஏன்?
2. அளவுகோல் குறிக்கோளாக மாறுவதைப் பாடத்தில் உள்ள சான்றுடன் விளக்குக.
3. தேர்வில் கேட்கப்படாது என அறிந்தும் நீங்கள் விரும்பிக் கற்ற ஒன்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.